சூப்பர்ஃப்ளுவஸ், ரிடண்டன்ட்: இரண்டும் ஒன்றா?

நீங்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தவர் ஒரு பத்தியின் ஓரத்தில் ‘சூப்பர்ஃப்ளுவஸ்’ என்றும், இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு பத்தியின் ஓரத்தில் ‘ரிடண்டன்ட்’ என்றும் குறித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘தேவையற்ற’ என்றே போட்டிருக்கிறது. பிறகு எதற்கு இரண்டு சொல்? ‘சூப்பர்’ என்று தொடங்கும் சொல் எப்படிக் குறை சொல்லும் சொல்லாயிற்று? தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் உண்டா? நீங்கள் வரிசையாகக் கேட்டவை இவை மூன்றும். ஆனால் கடைசி வரியில், ‘நான் எழுதியது அவ்வளவு வீணா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. இல்லை, அந்தச் சொல்லுக்கு வீண் என்று பொருளில்லை. ஏன் இல்லை என்று சொல்ல அது பிறந்த இடம்வரை போய்வர வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் மொழிபெயர்த்ததைச் செப்பம் செய்வதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். லத்தீனை நான் முறையாகப் பயின்றதில்லை. எனவே வேர்களைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் மொழியியலாளர்கள் உழைத்து நிறுவியவை. சொற்கள் எப்படிப் புழங்குகின்றன, எங்கே இடறுகின்றன என்று சொல்வது மட்டும் என் மேசையில் நான் கண்டது.

முதலில் ஒலிப்பு, ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எழுத்தில் பார்க்கையில் ‘சூப்பர்’ தனியாகவும் ‘ஃப்ளுவஸ்’ தனியாகவும் கண்ணில் படுகின்றன. ஆங்கிலம் பேசிப் பிறந்தவர் வாயில் அது அப்படி வராது. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். ‘சூ’ லேசாகக் கடந்துபோய், ‘பெர்’ ஓங்கி, ‘சூபெர்ஃப்ளுவஸ்’ என்று வரும். அதில் ‘சூப்பர்’ காதில் விழவே விழாது. பெயர்ச்சொல்லானால் அழுத்தம் இன்னும் தள்ளிப்போய், ‘சூபர்ஃப்ளூயிட்டி’ என்று ‘ஃப்ளூ’வின் மேல் விழும். ஆகவே அவர்களுக்கு, ‘பிரமாதம்’ என்ற பொருளில் வரும் சூப்பருக்கும் இதற்கும் உறவு இருப்பதாகவே சட்டென்று தோன்றாது. எழுத்தைப் பார்த்து மொழி கற்ற நமக்குத்தான் உறுத்துகிறது. அந்த உறுத்தல் நியாயமானது, ஏனெனில் உறவு இருக்கத்தான் செய்கிறது.

லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே. ‘ஃப்ளுவெரெ’ என்றால் ஓடுதல், ஒழுகுதல். இரண்டும் சேர்ந்த ‘சூப்பர்ஃப்ளுவெரெ’ விளிம்புக்கு மேலே ஓடுவதை, அதாவது நிரம்பி வழிவதைக் குறிக்கும் வினை. அதிலிருந்து வந்த பெயரடைதான் ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்தது. இந்த இடம்வரை ஐயத்துக்கே வேலையில்லை. ஒரு குடத்தில் நீர் ஊற்றுகிறீர்கள். நிறையும்வரை ஊற்றியதும் நீர், நிறைந்த பிறகு ஊற்றியதும் அதே நீர். பின்னால் ஊற்றியது கலங்கலோ உப்போ அல்ல, குடத்தில் இடமில்லை, அவ்வளவுதான். சூப்பர்ஃப்ளுவஸ் என்ற சொல் அளப்பது நீரின் தரத்தை அல்ல, குடத்தின் கொள்ளளவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாக விளங்கும்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஒரு சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அணை நிரம்பும்போது செய்தித்தாள்கள் ‘உபரி நீர் திறப்பு’ என்று எழுதுகின்றன. அந்த ‘உபரி’ சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, அங்கே அதற்கு ‘மேலே’ என்று பொருள். லத்தீன் ‘சூப்பர்’, கிரேக்க ‘ஹைப்பர்’, ஆங்கில ‘ஓவர்’, சமஸ்கிருத ‘உபரி’ ஆகிய நான்கும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, ஒப்பியல் மொழியியலில் நன்கு நிலைபெற்ற முடிவு இது. ஆக, ‘உபரி நீர்’ என்று எழுதும் செய்தியாளர் தெரியாமலேயே சூப்பர்ஃப்ளுவஸின் முதல் பாதியை அப்படியே எழுதுகிறார், அதுவும் நீரைப் பற்றி! உபரி நீர் என்று படிக்கும் எவரும் அதைக் கெட்ட நீர் என்று எண்ணுவதில்லை. அணை கொள்ளாமல் விட்ட நீர் என்றே எண்ணுகிறார்கள். அந்த எண்ணம்தான் லத்தீன் சொல்லுக்குள்ளும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பொய் உறவைக் களைந்துவிட வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃப்ளோ’ என்றால் ஓடுதல், லத்தீனில் ‘ஃப்ளுவெரெ’ என்றாலும் ஓடுதல். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, எனவே ஒரே வேர் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவை உறவில்லாதவை. ஜெர்மன் மொழியியலாளர் ஜேக்கப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திக் காட்டிய ஒலிமாற்ற விதியின்படி, லத்தீனில் ‘ப’கரமாக (p) நின்ற ஒலி ஆங்கிலத்தில் ‘ஃப’ ஆகும். லத்தீனின் ‘பாத்தெர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’, ‘பிஸ்கிஸ்’ ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. லத்தீனில் ‘ஃப’ என்று தொடங்கும் சொல்லுக்கு ஆங்கில உறவு ‘ஃப’வில் கிடைக்காது, பல நேரம் ‘ப’வில் (b) கிடைக்கும். ‘ஃப்ராத்தெர்’ என்பதற்கு ‘ப்ரதர்’ கிடைப்பதைப் போல. ஆகவே ஆங்கில ‘ஃப்ளோ’வின் உண்மையான லத்தீன் உறவு ‘ஃப்ளுவெரெ’ அல்ல, மழை பெய்வதைக் குறிக்கும் ‘ப்ளுவெரெ’. மிதத்தல், நீந்துதல் என்ற பொருளுடைய சமஸ்கிருத ‘ப்லு’வும் அந்தக் குடும்பமே. நம் அறுபது ஆண்டுச் சுற்றில் வரும் ‘பிலவ’ என்ற பெயரில் இருப்பது அந்த வேர்தான். எனவே ‘ஓவர்ஃப்ளோ’வையும் ‘சூப்பர்ஃப்ளுவஸ்’ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதல் பாதிகள் உடன்பிறப்புகள், பின்பாதிகள் வழிப்போக்கில் சந்தித்துக்கொண்ட அந்நியர்கள். ‘ஃப்ளுவெரெ’க்கும் முந்திய வேரில் ‘வீங்குதல், பொங்குதல்’ என்ற பொருள் இருந்ததாக அறிஞர்கள் மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். அது எழுத்தில் கிடைத்த சான்று அல்ல, கிளைமொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போட்ட கணக்கு. அந்த வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் போதும்.

ஆங்கிலத்துக்குள் முதலில் நுழைந்தது பெயரடை அல்ல, பெயர்ச்சொல்லான சூபர்ஃப்ளூயிட்டி. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டது. அக்கால ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதைத்தொகுப்பின் முன்னுரையில் ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்லும்போது, அவருடைய உணவில் அளவு இருந்தது, சூபர்ஃப்ளூயிட்டி இல்லை, ஊட்டம் நிறைய இருந்தது என்கிறார். மருத்துவரைப் பற்றிய பகுதியில் இந்தச் சொல் வருவது பொருத்தம்தான். அக்கால ஐரோப்பிய மருத்துவம் உடலை நான்கு நீர்களின் சமநிலையாகப் பார்த்தது. ஏதேனும் ஒன்று மிஞ்சினால் நோய், மிஞ்சியதை வெளியேற்றினால் குணம். அப்படி உடலில் மிஞ்சியதையும் உடல் வெளியேற்றுவதையும் இதே சொல்லால் குறித்தார்கள். வழியும் நீர் என்ற பொருள் அங்கே உருவகமாக இல்லை, நேர்ப்பொருளாகவே நின்றது. சூப்பர்ஃப்ளுவஸ் என்ற பெயரடை அதற்குச் சற்றுப் பின்னால், 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வேரூன்றியது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் எனக்குப் பிடித்த ஓர் இடம் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத் தொடக்கத்தில், இந்த உதவியைப் பற்றி நான் உங்களுக்கு எழுதுவது சூப்பர்ஃப்ளுவஸ் என்கிறார் பவுல். அப்படிச் சொல்லிவிட்டு, அதே உதவியைப் பற்றி அந்த அதிகாரம் முழுக்க எழுதுகிறார். இதை முரண் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மனம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, நான் ஊற்றுவது மேலே வழியத்தான் போகிறது, ஆனாலும் ஊற்றுகிறேன் என்பதே அதன் தொனி. ‘வீண்’ என்று மொழிபெயர்த்தால் அந்த அன்பு முழுவதும் போய்விடும்.

அப்படியானால் ‘சூப்பர்’ எப்போது ‘பிரமாதம்’ ஆயிற்று? அது மிகப் பின்னால் நடந்தது. சரக்குகளில் உயர்தரத்தைக் குறிக்க வணிகர்கள் ‘சூப்பர்ஃபைன்’ என்று எழுதினார்கள். அதன் தலையை மட்டும் கிள்ளி எடுத்துத் தனிச்சொல்லாக்கியது 19ஆம் நூற்றாண்டு. ஆக, சூப்பர்ஃப்ளுவஸ் ஆங்கிலத்தில் குடியேறி ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பிறகே பாராட்டுச் சூப்பர் பிறந்தது. பழைய சொல்லில் அந்தப் பாராட்டைத் தேடுவது பேரன் முகத்தைத் தாத்தாவிடம் தேடுவது போல.

இனி ரிடண்டன்ட். இதுவும் நீர்ச்சொல்லே. லத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை. அலை எழுவது ‘உண்டாரே’. முன்னால் ‘திரும்ப’ என்ற பொருளுடைய முன்னொட்டு சேர்ந்தால் ‘ரெடுண்டாரே’, அலை பொங்கித் திரும்பி மேலே வருவது. இந்த அலைக் குடும்பம் ஆங்கிலத்தில் பெரியது. செழிப்பைக் குறிக்கும் ‘அபண்டன்ஸ்’ அலை பெருகி வழிவது. வெள்ளத்தில் மூழ்கடிப்பது ‘இனண்டேட்’. எல்லாவற்றிலும் வியப்பானது ‘சரவுண்ட்’. சுற்றிலும் இருப்பதைக் குறிப்பதால் அதில் ‘ரவுண்ட்’ இருப்பதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். அது ‘சூப்பர்’, ‘உண்டாரே’ இரண்டும் சேர்ந்து பிரெஞ்சு வாயில் தேய்ந்து வந்த சொல். முதலில் அதன் பொருள் நீர் மேலேறி மூழ்கடித்தல்தான். ‘ரவுண்ட்’ என்ற ஒலியைப் பார்த்து மக்கள் மனம் மாற, 17ஆம் நூற்றாண்டில் பொருளும் ‘சூழ்தல்’ என்று மாறிவிட்டது. இப்படிச் செல்வம், வெள்ளம், மிகை, சூழல் என்று எத்தனையோ எண்ணங்கள் ஒரே அலையிலிருந்து கிளம்பியிருக்கின்றன. ஃப்ளுவெரெயின் பக்கத்திலும் அப்படித்தான். வளம் தன்னை நோக்கி ஓடிவருபவர் ‘அஃப்ளுவென்ட்’, பேச்சு தடையின்றி ஓடுபவர் ‘ஃப்ளுவென்ட்’, விண்மீன்களிலிருந்து மனிதருக்குள் பாய்வதாக நம்பப்பட்ட ஆற்றல் ‘இன்ஃப்ளுயன்ஸ்’. அந்தக் கடைசிச் சொல்லின் இத்தாலிய வடிவமே ‘இன்ஃப்ளுயன்ஸா’ என்று காய்ச்சலுக்குப் பெயராயிற்று.

வேர்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் வேறுபாடு எங்கே? இதற்கு ஆங்கில அகராதிகளைவிட நம் நன்னூல் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் வரிசைப்படுத்தும்போது, ‘குன்றக் கூறல்’ என்று தொடங்கி, அடுத்தடுத்து ‘மிகைபடக் கூறல்’, ‘கூறியது கூறல்’ என்று இரண்டைத் தனித்தனியாக வைக்கிறார். இரண்டும் ஒன்றென்றால் ஒன்றோடு நிறுத்தியிருப்பார். மிகைபடக் கூறல் என்பது சொல்ல வந்ததற்கு வேண்டிய அளவைத் தாண்டிச் சொல்வது. அங்கே சொன்ன செய்தி புதியதாகவே இருக்கலாம், ஆனால் இந்த இடத்துக்கு வேண்டியதில்லை. கூறியது கூறல் என்பது முன்பே வந்துவிட்டதை மறுபடி சொல்வது. அங்கே செய்தி வேண்டியதாகவே இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. எழுத்தைத் திருத்துபவர் ஓரத்தில் குறிக்கும்போது முதலாவது சூப்பர்ஃப்ளுவஸ், இரண்டாவது ரிடண்டன்ட். எல்லா ஆங்கிலேயரும் இந்தக் கோட்டை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆனால் ஒரே கட்டுரையில் ஒரே கை இரண்டு சொற்களையும் இரண்டு இடங்களில் எழுதியிருந்தால், அந்தக் கை கோட்டை அறிந்த கை என்று நம்பலாம்.

நன்னூல் இன்னொன்றும் செய்கிறது. திரும்பச் சொல்வதெல்லாம் குற்றம் என்று அது சாதிக்கவில்லை. ‘ஒருபொருட் பன்மொழி’ சிறப்புக்காக வந்தால் வழுவாகாது என்று சொல்லதிகாரத்தில் இடம் விடுகிறது. ‘மீமிசை’ என்பதில் மீ என்றாலும் மேல், மிசை என்றாலும் மேல். ‘நடுமையம்’, ‘உயர்ந்தோங்கிய’ இரண்டும் அப்படியே. இரண்டாவது சொல் புதிய செய்தி தரவில்லை, அழுத்தம் தருகிறது. ‘அரைஞாண் கயிறு’ என்பது வேறு வகை. ஞாண் என்றாலே கயிறு. அந்தப் பொருள் பேசுவோர் நினைவிலிருந்து நழுவியதால் கயிறு மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஏடிஎம் மெஷின்’ என்று சொல்லும்போதும் இதுவே நடக்கிறது. கடைசி எழுத்தே மெஷினைத்தான் குறிக்கிறது என்பது யார் நினைவிலும் இல்லை. இவற்றைப் பிழை என்று திருத்திக்கொண்டு திரிபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேய்ந்த இடத்தை மொழி தானே தைத்துக்கொள்கிறது, விட்டுவிடலாம்.

கூறியது கூறல் எவ்வளவு உயிர்நாடியானது என்பதை 1948இல் கணக்காகவே காட்டியவர் கிளாட் ஷானன். தொலைபேசிக் கம்பியில் இரைச்சலுக்கு நடுவே செய்தி எப்படிப் பிழைத்து வருகிறது என்று ஆராய்ந்தவர். எட்டெழுத்துத் தொலைவுக்குள் உள்ள அமைப்பை மட்டும் பார்த்தாலே, சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 50 விழுக்காடு ரிடண்டன்சி என்று மதிப்பிட்டார். அதாவது நாம் எழுதுவதில் பாதி நாமாகத் தேர்ந்தெடுப்பது, மீதியை மொழியின் அமைப்பே முடிவு செய்துவிடுகிறது. அந்த மீதி வீண் அல்ல, அதனால்தான் அச்சுப்பிழை உள்ள வரியும் புரிகிறது, பாதி காதில் விழாத பேச்சும் புரிகிறது. தமிழில் ‘அவர்கள் நாளை வருவார்கள்’ என்னும்போது பன்மை இரண்டு இடத்தில் வருகிறது, எதிர்காலமும் இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் இரைச்சல் விழுந்தால் மற்ற இடம் காப்பாற்றும். பொறியாளர்கள் ரிடண்டன்சி என்ற சொல்லைப் பெருமையோடு சொல்வதும் இதனால்தான். இரட்டை என்ஜின் பயணிகள் விமானம் ஓர் என்ஜின் நின்றாலும் மற்றதன் பலத்தில் பறந்து தரையிறங்கும்படி அமைக்கப்படுகிறது. அந்த இரண்டாவது என்ஜின் ரிடண்டன்ட், ஆனால் அதைச் சூப்பர்ஃப்ளுவஸ் என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு சொல்லும் இனி உங்களுக்குக் குழம்பாது.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாடு கையைக் கடிக்கும். ஆங்கிலச் சட்டமொழி சொற்களை இணை இணையாகக் கட்டிப்போடும். உயிலைக் குறிக்கும் ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்பதில் முதல் சொல் பழைய ஆங்கிலம், இரண்டாவது லத்தீன் வழி வந்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஆள்வோர் மொழியும் ஆளப்பட்டோர் மொழியும் வேறாக இருந்ததால், இரு தரப்பும் புரிந்துகொள்ள இரண்டையும் எழுதினார்கள் என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. சில இணைகளுக்கு அது பொருந்துகிறது. ஆனால் செல்லாதது என்னும் ‘நல் அண்ட் வாய்ட்’, நிறுத்திவிடு என்னும் ‘சீஸ் அண்ட் டெசிஸ்ட்’ இரண்டிலும் இரு சொற்களுமே பிரெஞ்சு வழி வந்தவை. எனவே அந்த விளக்கத்தை எல்லா இணைகளுக்கும் விரிப்பது தவறு, ஓசை நயமும் பழக்கமும் அதில் பங்கு பெற்றிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், சட்டத்துக்குப் பொருள் காணும் நீதிமன்றங்கள், ஒரு சொல் அங்கே இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கும், இயன்றவரை எதையும் மிகையென்று ஒதுக்கக் கூடாது என்ற நெறியைப் பின்பற்றுகின்றன. இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மொழிபெயர்ப்பவர் ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று ஒரு சொல்லை விட்டுவிட்டால், பிற்பாடு ஒரு வழக்கறிஞர் அந்த விடுபட்ட சொல்லின் மேல் வாதம் கட்டலாம். எனவே நான் விடுவதில்லை. ‘செல்லாததும் வெறுமையானதும்’ என்று எழுத எனக்கே கூசினாலும் எழுதிவிடுவேன்.

ரிடண்டன்ட் என்ற சொல்லுக்கு ஒரு வலிக்கும் பொருளும் உண்டு. பிரிட்டனில் வேலை இழந்தவரை அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். அதற்கான இழப்பீட்டுச் சட்டம் அங்கே 1965இல் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பணிநீக்கக் கடிதத்தைத் தமிழாக்கும்போது, நான் முதல் வரைவில் ‘தேவையற்ற ஊழியர்கள்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது. சட்டம் சொல்வது அந்தப் பணியிடம் தேவைப்படவில்லை என்பதை. நான் எழுதியது அந்த மனிதர் வேண்டாதவர் என்று. ‘பணியிடம் தேவைப்படாமல் போனதால் விடுவிக்கப்படும் ஊழியர்கள்’ என்று நீட்டி எழுதி அனுப்பினேன். நீளம்தான், ஆனால் அந்தக் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்கப்போகும் ஒருவருக்கு அந்த நீளம் வேண்டும்.

தமிழில் ஒற்றைச் சொல் கேட்டீர்கள். சூப்பர்ஃப்ளுவஸ்ஸுக்கு என் முதல் தேர்வு ‘மிகை’. பெயரடையாக வேண்டுமானால் ‘மிகையான’, அல்லது சற்று விரித்து ‘தேவைக்கு மிஞ்சிய’. ‘தேவையற்ற’ என்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பேன், அது தேவையே இல்லை என்கிறது. மூலச்சொல்லோ தேவை ஒன்று இருந்தது, அது நிறைந்துவிட்டது, இது அதற்கு மேல் என்கிறது. ‘வேண்டாத’ இன்னும் கடுமை. ‘உபரி’ அழகான சொல், ஆனால் இன்றைய வழக்கில் அது நீர், நிதி, உற்பத்தி போன்ற அளக்கக்கூடியவற்றோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘உபரியான பத்தி’ என்றால் காதுக்கு ஒவ்வவில்லை. ‘மிகை’க்கும் ஒரு நிழல் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மிகு என்ற அந்த வேரிலிருந்தே ‘வரம்பு மீறிய தீங்கு’ என்ற பொருளும் கிளைத்திருக்கிறது. ‘மிகுதியான் மிக்கவை செய்தாரை’ என்று குறள் தொடங்கும்போது, ‘மிக்கவை’ என்பது செருக்கால் செய்யப்பட்ட தீங்குகளையே குறிக்கிறது. அளவைத் தாண்டியது தவறாகவும் பார்க்கப்படுவது தமிழிலும் உண்டு, லத்தீன் வழி மொழிகளிலும் உண்டு. ரிடண்டன்ட்டுக்கு ஒற்றைச் சொல் ஒத்துவராது. எழுத்தில் என்றால் ‘கூறியது கூறல்’, இயந்திரத்தில் என்றால் ‘மாற்று ஏற்பாடு’, வேலையில் என்றால் மேலே சொன்ன நீளம். இடத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

குடத்தின் அளவை யார் முடிவு செய்வது என்ற கேள்வி மட்டும் இந்தச் சொல்லை விட்டுப் போவதேயில்லை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் தன் நாட்டை மகள்களுக்குக் கொடுத்துவிட்டு, நூறு வீரர்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்கிறான். பெண்கள் ஐம்பது போதாதா, இருபத்தைந்து போதாதா, பத்து எதற்கு, ஐந்து எதற்கு, ஒருவர்தான் எதற்கு என்று குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அப்போதுதான் அவன் வெடிக்கிறான்: தேவையைப் பற்றிக் கணக்குப் பேசாதே, பரம ஏழையான பிச்சைக்காரனிடமும் தேவைக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருக்கும், இயற்கைக்கு வேண்டியதற்கு மேல் எதையும் அனுமதிக்காவிட்டால் மனித வாழ்வு விலங்கின் வாழ்வாகிவிடும் என்று. அந்த வரியில் அவன் வாயில் வரும் சொல் சூப்பர்ஃப்ளுவஸ்தான். பெண்கள் கையில் இருந்த குடமும் தந்தை கையில் இருந்த குடமும் ஒன்றல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1736இல் எழுதிய ஒரு கவிதையில், மிகை என்பது மிகவும் தேவையான பொருள் என்றே சொல்லிவிட்டார். ஆடம்பரத்துக்கு ஆதரவாகச் சொன்னது அது, நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆனால் லியர் சொன்னதை ஏற்கிறேன்.

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். ரிடண்டன்ட் என்று குறித்த பத்தியை உடனே வெட்டிவிடாதீர்கள். அதே கருத்து முன்னால் எங்கே வந்திருக்கிறது என்று தேடிப்பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல நேரம் இரண்டாவது முறை எழுதியதே தெளிவாக இருக்கும், ஏனென்றால் அதற்குள் உங்களுக்கே விஷயம் பிடிபட்டிருக்கும். அப்படியானால் முந்தியதை எடுத்துவிட்டு இதை அங்கே கொண்டுபோய் வையுங்கள். சூப்பர்ஃப்ளுவஸ் என்று குறித்த பத்திக்கு வேறு சோதனை. அதை விட்டுவிட்டு முன் பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நேராகப் படித்துப் பாருங்கள். தட்டாமல் போனால் திருத்தியவர் சொன்னது சரி. எங்காவது கால் இடறினால், அந்தப் பத்தியில் ஒரு வாக்கியத்துக்கு அங்கே வேலை இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். இந்தக் கட்டுரை கொள்ளவில்லை என்றுதான் அவர் குறித்திருக்கிறார், இன்னொன்று கொள்ளலாம். உங்கள் வரையறையைக் கொஞ்சம் விரித்தால் இதே கட்டுரைகூடக் கொள்ளலாம். அப்படி உங்களுக்குத் தோன்றினால், எந்த அளவை மனத்தில் வைத்து அப்படிக் குறித்தீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். திருத்துபவர்கள் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. என்னிடம் கேட்டவர்களோடு உட்கார்ந்து நானே சில குறிப்புகளை அடித்திருக்கிறேன்.